அந்தரங்கமும் பொதுக்காவலும்

'மறைப்பதற்கு எம்மிடம் யாதுமில்லை. எம்மைப் பற்றிய விபரங்களைப் பிறர் அறிந்தால் என்ன கெட்டுவிடும்?' என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். நேர்மையாக வாழ்வோரே பெரிதும் இவ்வாறு கேட்கின்றனர். ஆகவே இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. ஆயின், அந்தரங்கம் ஒருவரது தனிச்சொத்து, அவர் விரும்பினால் அதனை விட்டுக்கொடுக்கலாம் என்ற எண்ணமே இதன் அடியில் நிற்கிறது. அவ்வெண்ணம் சரியானதுதானா?

2018இல் உலகம் அறிந்த கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். தம் குணவியல்பை அறியும் ஆசையில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் பேஸ்புக் வழியாக ஒரு வினாக்கொத்துக்கு விடையளித்தனர். அவர்கள் சம்மதித்தது மெய்தான். ஆனால் அவர்தம் நண்பர்களின் விபரங்களும் அவ்வழியே அள்ளப்பட்டன. இவ்வாறு 8 கோடி 70 இலட்சம் பேர் வரையில் பாதிக்கப்பட்டிருக்கலாம் எனப் பேஸ்புக்கே பின்னர் கணக்கிட்டது. அந்த நண்பர்களை எவரும் கேட்கவில்லை. ஒருவரின் இசைவு இன்னொருவரை அம்பலப்படுத்துமாயின், அந்தரங்கம் தனிமனிதர் விவகாரமாக எவ்வாறு இருக்க முடியும்? பொதுப்பொருளுக்குப் பொதுக்காவல் வேண்டும்.

சம்மதித்தோரின் சம்மதந்தான் எத்தகையது? வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞனும் கடன் கேட்டு நிற்கும் விவசாயியும் நீட்டிய பத்திரத்தில் ஒப்பமிடுகின்றனர். ஒப்பமிடாவிடின் வேலையுமில்லை, கடனுமில்லை. இந்தச் 'சுதந்திர ஒப்பந்தம்' நமக்குப் புதியதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய இங்கிலாந்தின் ஆலை முதலாளிகளும் இதையே பேசினர். 1802க்கும் 1833க்கும் இடையில் பாராளுமன்றம் ஐந்து தொழிற்சட்டங்களை இயற்றியும், அவற்றை நிறைவேற்றும் உத்தியோகத்தருக்கென ஒரு சதமும் ஒதுக்கவில்லை என 'மூலதனம்' நூலில் மார்க்ஸ் இடித்துரைக்கிறார். 1833ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு பரிசோதகரை ஏற்படுத்திய பின்னரே சட்டம் ஆலைக்குள் நுழைந்தது. கால் நூற்றாண்டு காலம் அப்பதவியிலிருந்த லெனாட் ஹோணர் தொழிலாளருக்கு ஆற்றிய சேவையை மார்க்ஸ் மனந்திறந்து போற்றினார். 'முதலாளித்துவ அரசின் காவலெல்லாம் வெறும் ஏமாற்று' என்று ஒரே வீச்சில் தள்ளிவிடும் நம் தோழர்கள் இவ்விடத்தில் சற்று நின்று யோசித்தல் நன்று.

காவலர் இருந்தும் அவர் கையில் ஈர்க்குத்தான் உளதாயின் பயனில்லை. மேற்கூறிய விவகாரத்தில் பிரித்தானியத் தகவல் ஆணையாளர் 2018 ஒக்டோபரில் பேஸ்புக்குக்கு விதித்த தண்டம் 5 இலட்சம் பவுண். 1998ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த உச்சத்தொகையே அதுதான். அதற்கு முந்திய வருடத்தில் அக்கம்பனியின் வருமானம் 4000 கோடி டொலருக்கு மேல்!

இதனினும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. மக்களின் விபரங்களைத் திரட்டுவதில் அரசும் எக்கம்பனிக்கும் இளைத்ததன்று. அவ்வாறாயின், அரசு நியமித்தவர் அரசைத் தடுப்பாரா? ஜேர்மனியின் ஹெசென் மாநிலம் 1970இல் உலகின் முதலாவது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியபோது, கண்காணிப்புக்கு உட்படுத்தியது மாநில நிருவாகத்தையே. ஆணையாளரைத் தெரிவுசெய்தது மாநிலச் சட்டசபை. தம் கடமையில் அவர் எவருடைய பணிப்புக்கும் கட்டுப்பட்டவரல்லர். ஹங்கேரியின் கதை வேறு. அங்கு 2008இல் ஆறு வருடத்துக்கெனத் தெரிவான ஆணையாளர், புதிய அதிகாரசபை அமைக்கிறோம் என்ற பெயரில், 2011 முடிவில் தவணைக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அது ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானது என ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தீர்த்தது. தீர்ப்பு வந்தது, பதவி திரும்பி வரவில்லை.

நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை ஒன்றுக்கு வழிசெய்தது. அதன் ஆளுஞ்சபை உறுப்பினரை நியமிக்கும் அதிகாரத்தைச் சனாதிபதியிடம் கொடுத்தது. அடையாள அட்டையை நீட்டியவாறு சோதனைச் சாவடிகளில் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்ற மக்களுக்கு, தம் பெயர் எந்தப் பட்டியலில் ஏறுகிறது என்பது வெறும் தத்துவ விசாரமன்று. அந்தச் சபை ஓர் அமைச்சின் கதவைத் தட்டி, 'இவ்விபரங்களை எதற்காகத் திரட்டினீர்கள்?' என்று கேட்குமா? கேட்டவர் மறுநாளும் பதவியில் இருப்பாரா? ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் பாராளுமன்றத்தை நோக்கி இன்று எழுப்பவேண்டியவை இவ்விரு கேள்விகளே.