கல்லுக்குத் தீங்கு செய்தல் கூடுமோ?

உயிருள்ள ஒன்றைத் துன்புறுத்துவது தீது என்பதை எவரும் மறுப்பதில்லை. கட்டிய மாட்டுக்குத் தீனி போடாதவனை ஊரார் பழிக்கின்றனர். ஆனால், உயிரும் உணர்ச்சியும் அற்ற ஒரு பாறையை ஒருவன் உருட்டித் தள்ளினால், அவன் செய்தது குற்றமா? குற்றமெனில், அஃது யாருக்கு இழைத்த குற்றம்? பாறை அழவில்லை; நோகவில்லை; தன்னைத் தள்ளியவன் இன்னான் என்று அறியவுமில்லை. கேட்ட மாத்திரத்தில் இது வேலையற்றோர் வாதம் போலத் தோன்றலாம். ஆயினும், மலைகள் உடைந்து சாலைகளாகவும் மாளிகைகளாகவும் மாறிவரும் ஒரு நாட்டில் வாழும் நாம் இக்கேள்விக்கு விடை தேடாமல் இருத்தல் தகாது. அன்பர்கள் சற்றுப் பொறுமையோடு இதனை ஆராய வேண்டுகிறேன்.

இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா நாட்டைச் சேர்ந்தது கோசோ என்னும் சிறு தீவு. அதன் கரையில், கடலை நோக்கித் திறந்த சாளரம் போல, சுண்ணாம்புக் கல்லாலாகிய இயற்கை வளைவு ஒன்று நின்றது. அதன் உயரம் ஏறக்குறைய 28 மீட்டர். அலை அரித்து அரித்து உண்டாக்கிய அவ்வளைவை நீலச் சாளரம் என்று அழைத்தனர். அதைக் காணப் பல நாட்டாரும் வந்தனர். 2017-ஆம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி, புயற்காற்றில் எழுந்த பேரலைகளுக்கு ஆற்றாது அது இடிந்து கடலுள் மறைந்தது. அதனை உண்டாக்கிய கடலே அதனை விழுங்கிற்று.

மற்றொன்று அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் நிகழ்ந்தது. அங்கே கோப்ளின் பள்ளத்தாக்கு என்று ஓரிடம் உண்டு. மெல்லிய பாறைகள் காற்றாலும் மழையாலும் விரைவில் தேய, அவற்றின்மேல் அமைந்த கடினப் பாறைகள் தலைகள் போல நிற்க, ஆயிரக்கணக்கான குறளிகள் கூட்டம் கூடி நிற்பன போல அப்பள்ளத்தாக்கு காட்சி தரும். அம்மணற்கல் படிந்த காலம் ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் என்பர் நிலநூல் வல்லார். 2013-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சாரணச் சிறுவர்களை அழைத்துச் சென்ற பெரியோர் சிலர் அங்கு நின்ற பாறைத் தலை ஒன்றைக் கீழே தள்ளினர். தள்ளியவர் கைகொட்டி மகிழ்ந்ததையும் படம் பிடித்து உலகறியச் செய்தனர். பின்னர், “அப்பாறை ஆடிக்கொண்டிருந்தது, குழந்தை ஒன்றின்மேல் விழுந்தால் என்னாவது என்று அஞ்சியே தள்ளினோம்” என்று காரணம் கூறினர். அவர்கள் சாரணர் பதவியினின்றும் நீக்கப்பட்டனர். இருவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

முடிவு இரண்டிடத்தும் ஒன்றே: நின்ற கல் விழுந்தது. கடலை எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை, மனிதரை ஏற்றினர். ஏன்? “சட்டம் அவ்வாறு விதிக்கின்றது” என்பது விடையாகாது. சட்டம் ஏன் விதித்தது என்பதே நமது கேள்வி. “என்றாவது ஒருநாள் தானே விழ வேண்டிய பாறைதானே அது?” என்று கேட்பாரும் உளர். மனிதனும் என்றாவது ஒருநாள் சாக வேண்டியவனே; அதற்காகக் கொலைஞனை நாம் விடுதலை செய்வதில்லை. ஆயினும், இவ்வுவமை முற்றும் பொருந்தாது என்பதையும் நேர்மையோடு கூறிவிட வேண்டும். மனிதனுக்கு வலி உண்டு, ஆசை உண்டு, நாளை உண்டு. கல்லுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை.

ஆகவே, முதலில் ஒன்றைத் தெளிவாக ஒப்புக்கொள்வோம்: கல்லுக்கு நாம் தீங்கு செய்தல் இயலாது. கல் நம் வேண்டுதலைக் கேளாது என்று வாதிக்கும் பகுத்தறிவாளர், அதே கல் சம்மட்டியின் ஓசையைக் கேட்டு வருந்தும் என்று மறுநாள் கூறுவாராயின், அவர் தம் சொல்லைத் தாமே மறுத்தவராவர். ஆனால், இதிலிருந்து, “அப்படியாயின் கல்லை எவரும் எதுவும் செய்யலாம்” என்ற முடிவுக்குப் பாய்வது பெரும் பிழை. குற்றம் கல்லுக்குச் செய்ததன்றாயின், வேறு யாருக்கோ செய்ததாகலாம். அவர் யார் என்று தேடுவதே நாம் செய்யத்தக்கது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில், மலையொன்றின் செங்குத்துப் பாறையில், கருங்கற் படிகள் ஐந்து சேர்ந்து ஒரு கிழவனின் முகம் போலத் தோற்றமளித்தன. மலைக் கிழவன் என்று அதற்குப் பெயர். அம்முகத்தை எவரும் செதுக்கவில்லை. பனியும் நீரும் தற்செயலாய் அமைத்தது அது. இதை நன்கறிந்தே அம்மாகாணத்தார் 1945-ஆம் ஆண்டில் அதனைத் தம் சின்னமாகக் கொண்டனர். பாறைப் பிளவுகள் விரிந்தபோது இரும்புக் கம்பிகளால் பிணித்தும் சிமெண்டு பூசியும் பல ஆண்டுகள் காத்தனர். எனினும் 2003-ஆம் ஆண்டு மே 3-ந் தேதி அது சரிந்து வீழ்ந்தது. உறவினர் ஒருவரை இழந்தாற் போல அம்மக்கள் வருந்தினர். இங்கே குற்றவாளி எவருமில்லை. ஆனால் இழப்பு உண்டு. தற்செயலாய் அமைந்தது என்று அறிந்தபின்னும் அவர் அன்பு குறையவில்லை என்பதையும் நோக்குக. காரணம் அறிந்தால் வியப்பு செத்துவிடும் என்பார் கூற்று இங்கே பொய்யாகின்றது.

ஆகவே, இழப்பு கல்லுடையதன்று, காண்போருடையது. காண்போர் என்றால் இன்று உயிரோடிருக்கும் நாம் மட்டுமா? இவ்விடத்தில் தோட்டத்து மக்களுக்கு நன்கு தெரிந்த ஓர் உவமை உதவும். பால் வெட்டும் தொழிலாளி மரத்தின் பட்டையை மெல்லியதாகச் சீவி எடுக்கின்றான். சில வருஷங்களில் அப்பட்டை மீண்டும் வளர்ந்துவிடும். அவனுக்குப் பின் வருபவன் அதே இடத்தில் மறுபடியும் வெட்டலாம். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டாலோ, பட்டை கோணலாக வளர்ந்து அவ்விடம் பயனற்றுப் போகும். அதனாலன்றோ காயம் போடுபவனைக் கங்காணி கடிந்து கொள்வது? மலைக்கோ வளரும் பட்டை என்று ஒன்றில்லை. கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் அடியில் படிந்து இறுகிச் சுண்ணாம்புக் கல்லாவதற்கும், அது நிலமாக உயர்ந்து மழைநீரால் கரைந்து குகையும் குன்றுமாவதற்கும் கோடிக்கணக்கான ஆண்டுகள் செல்லும். பத்துமலையின் கல் சுமார் 40 கோடி ஆண்டுப் பழமை உடையது. கணக்கெழுதுவோர் மொழியில் கூறினால், மரத்திலிருந்து எடுப்பது வருமானம். மலையிலிருந்து எடுப்பது முதல். முதலைத் தின்பவன் தன் சொத்தை மட்டுமன்று, பிறவாத பேரன் சொத்தையும் தின்கின்றான். அப்பேரன் வந்து வழக்காடவும் முடியாது.

இனி, கல்லோடு தொன்றுதொட்டு உறவு பூண்டோர் உளர். ஆஸ்திரேலியாவின் நடுவே, 348 மீட்டர் உயரத்தில், ஒரே பாறையாய்ச் சிவந்து நிற்பது உலுரு. அதன் அடிச்சுற்று ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். அதனைச் சூழ்ந்து வாழ்ந்துவரும் ஆனங்கு மக்களுக்கு அது புனிதம். வந்தேறியவர் அதைத் தம் உடைமையாக்கிப் பல்லாண்டுகள் ஆண்டனர். 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி உரிமை அம்மக்களுக்குத் திரும்பியது. “இதன்மேல் ஏறாதீர்” என்று அவர்கள் வேண்டியும் ஏறுவோர் ஏறிக்கொண்டேயிருந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே உயிரிழந்ததும் உண்டு. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி முதல் ஏறுதல் அறவே நிறுத்தப்பட்டது. கல்லில் புனிதம் காணாத ஒருவர், “நான் ஏன் கட்டுப்பட வேண்டும்?” எனக் கேட்கலாம். அவர் கட்டுப்படுவது கல்லுக்கன்று, மனிதருக்கு. பிறர் வீட்டு முற்றத்தில் செருப்போடு நுழையாதிருப்பவன் தரையை வணங்குகின்றவனல்லன், வீட்டாரை மதிக்கின்றவன்.

இதுவரை கூறியவை யாவும் புகழ் பெற்ற கற்கள். அவற்றிற்காகப் பேச வாய்கள் உண்டு. பேச ஒருவரும் இல்லாத மலையின் கதி யாது? பகாங் மாநிலத்தில் புக்கிட் பாஞ்சிங் என்றொரு சுண்ணாம்புக் குன்று இருந்தது. கல்லுடைப்பு நடந்து நடந்து அக்குன்று அழிந்தது. தினையளவே இருந்த ஒரு சிறு நத்தையினம் அக்குன்றன்றி உலகில் வேறெங்கும் காணப்பட்டதில்லை. குன்றோடு அதுவும் அற்றொழிந்தது. அதற்காக எவரும் நினைவுச் சின்னம் நாட்டவில்லை. கல்லுக்கு உணர்ச்சியில்லை என்று முன்னர் ஒப்புக்கொண்டோம். ஆனால் கல்லையே உலகமாகக் கொண்டு வாழ்ந்த உயிர்களை அந்த வாதத்தால் ஒதுக்க முடியாது. நம் பத்துமலையின் இருட்குகையிலும், மிக அரிய ஒரு சிலந்தியினம் வாழ்கின்றது. அங்கும் ஒரு காலத்தில் கல்லுடைப்பு நடந்ததுண்டு. பின்னர் அது நிறுத்தப்பட்டது. கண்ணுக்கு அழகாயிருப்பதை மட்டும் காப்பது அறமென்றால், அழகில்லாத பிள்ளைக்குச் சோறு போடாத தாயின் அறத்திற்கும் அதற்கும் வேற்றுமை என்ன?

இங்கே ஒரு தடை எழும். அது வலிமையான தடை. “ஐயா, மலையுடைப்பவன் கூலிக்காரன். உடைத்தால்தான் அவன் அடுப்பில் உலையேறும். அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமாக லயத்தில் வாழ்ந்தவன் கல்வீட்டில் குடியேற ஆசைப்படுவது பிழையா? சுண்ணாம்புக் கல் இன்றிச் சிமெண்டு ஏது? வயிறு நிறைந்தவர் நத்தைக்காக அழலாம். நாங்கள் யாருக்காக அழுவது?” என்று ஒரு தொழிலாளி கேட்பானாயின், அவனைக் கடிந்து பேச எனக்கு நாவெழாது. ஏழைக்கு வீடு வேண்டும்; சாலை வேண்டும்; மருத்துவமனை வேண்டும். இவற்றிற்காகச் சில மலைகள் உடைபட்டே தீரும் என்பதை மறைப்பது பொய். ஆனால், எல்லா மலையும் ஒன்றல்ல. எதில் அரிய உயிர் வாழ்கின்றது, எதில் பழைய குகை இருக்கின்றது என்று ஆராய்ந்தபின் உடைப்பது ஒன்று. அருகிலிருப்பதால், செலவு குறைவதால், கேட்பாரில்லாததால் உடைப்பது வேறொன்று. முன்னது செலவு, பின்னது கொள்ளை. கொள்ளையில் வரும் இலாபம் பெரும்பாலும் கூலிக்காரன் வீட்டுக்குப் போவதுமில்லை. அவனுக்கு மிஞ்சுவது தூசி.

ஆகவே, இயற்கையின் அரும்பொருள் ஒன்றின்மேல் கைவைக்குமுன் மூன்று கேள்விகள் கேட்டல் தகும். உண்மையான தேவை உண்டா? எடுத்ததை மீண்டும் உண்டாக்க இயலுமா? உரியோரைக் கேட்டோமா? கோப்ளின் பள்ளத்தாக்கில் பாறையைத் தள்ளியவர் செயலை இவ்வளவுகோலால் அளந்து பாருங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று மெய்யாகவே அஞ்சியிருப்பின், அவ்விடத்தைக் காக்கும் அலுவலரிடம் கூறியிருக்கலாம். மீண்டும் உண்டாக்க முடியாத ஒன்றை, உரியோரைக் கேளாமல், தாமே நீதிபதியாகித் தள்ளினர், தள்ளிக் கூத்தாடினர். அந்தக் கூத்தே அவர் கூறிய காரணத்திற்கு எதிர்ச்சாட்சி.

தூர தேசத்தார் குற்றத்தை அளந்துவிட்டு நாம் சும்மா இருத்தலாகாது. தைப்பூசத்திற்கும் விடுமுறைக்கும் நாம் குகைகளுக்குச் செல்கின்றோம். சுவரில் தம் பெயரையும் காதலி பெயரையும் கீறுவோர் நம்மிலும் உளர். மேலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளை விளையாட்டாக ஒடித்து வீட்டுக்குக் கொண்டு செல்வோரும் உளர். சொட்டுச் சொட்டாக விழும் நீரால் வளரும் அவ்விழுது, ஆண்டொன்றுக்கு ஒரு மில்லிமீட்டரும் வளர்வதரிது. விரலளவு விழுது உண்டாகப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். ஒடிக்க ஒரு நொடி போதும். வீட்டுக்குக் கொண்டு வந்தபின் அது வெறுங் கல். மறு வாரம் குப்பையில் கிடக்கும்.

கல்லை வணங்குவதும் வணங்காதிருப்பதும் அவரவர் கொள்கை. ஆனால், நம்மால் ஆக்க முடியாததை அழிக்குமுன் கை சற்றே தயங்க வேண்டும். அடுத்த முறை குகைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், “தொடாதே, சாமி கோபிக்கும்” என்று அச்சுறுத்த வேண்டா. “தொடாதே, உனக்குப் பின்னால் வருபவரும் பார்க்க வேண்டும்” என்று கூறுங்கள். அது பிள்ளைக்கு விளங்கும், அது உண்மையுமாகும்.