நிறுத்தும் பக்குவம்

குளிர் நாடுகளில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கார்த்திகை பிறப்பதற்குள் அதை ஷெட்டில் ஏற்றிவிடுவார்கள். சாலையில் பனி உறையாமலிருக்க அங்கே உப்பைத் தூவுவார்கள். அந்த உப்பு தகரத்தைத் தின்றுவிடும். பங்குனி வெயில் கண்ட பிறகே வண்டி வெளியே வரும். நம் கோலார் தங்கவயலில் உப்புச் சாலை கிடையாது. ஆனால் ஐப்பசி மழையும் பின்னாலேயே வரும் மார்கழிப் பனியும் இந்த மேட்டுநிலத்தில் பழைய இரும்பைச் சும்மா விடுவதில்லை.

இங்கே ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஷெட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று இந்தப் பருவத்தில் உறங்கப் போவதைப் பார்த்திருக்கிறேன். 1961 முதல் சென்னையில் தயாரான கார் அது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், இதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கிச் செய்ததுதான். வேலை பார்க்கிற பெரியவர் ஒரு காலத்தில் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் கை அவசரப்பட்டு நான் கண்டதில்லை.

முதலில் எஞ்சின் ஆயிலை மாற்றினார். ஓடாத வண்டிக்குப் புது ஆயில் எதற்கு என்று கேட்டேன். "பழைய ஆயிலோட தூங்க வெச்சா உள்ளேயே அரிக்கும் தம்பி" என்றார். எரிந்த பெட்ரோலின் அமிலமும் ஈரமும் அந்தக் கறுப்பு ஆயிலில் கலந்திருக்கும். வண்டி ஓடும்போது அதன் கெடுதல் தெரியாது. நிற்கும்போதுதான் பேரிங்கைத் தொடும். நாள் முழுக்கச் சேர்த்த கோபத்தோடு படுக்கைக்குப் போகிறவனுக்கும் இதே கதிதான் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொள்கிறேன். உழைப்பில் அடங்கியிருந்தது ஓய்வில்தான் வேலையைக் காட்டும்.

பிறகு பெட்ரோல் டேங்கைக் கழுத்துவரை நிரப்பினார். காலி இடம் இருந்தால் காற்றின் ஈரம் உள்ளே வியர்க்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் வேறு கலந்திருக்கிறது. அது தண்ணீரைத் தானே இழுக்கும். பேட்டரி வயரைக் கழற்றினார். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்கு மரக்கட்டை அணை கொடுத்தார்; பிரேக்கைப் பிடித்தபடியே விட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிப்போகும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு துளையிலும் ஆயில் கேனைச் சாய்த்துச் சில சொட்டு விட்டு, ஃபேன் பெல்ட்டைப் பிடித்து எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றினார். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் சத்தம் மூச்சுப்போலக் கேட்டது. சைலன்சர் வாயில் துணியை அடைத்தார், எலி புகாமலிருக்க. மேலே போர்த்தியது பருத்திப் போர்வை. பிளாஸ்டிக் ஆகாது, ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும்.

எல்லாவற்றையும்விட என் மனதில் தங்கியது அவர் கடைசியாகச் சொன்ன எச்சரிக்கை. வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. அது கூடாது என்றார். எஞ்சின் நன்றாகச் சூடேறாமல் அணைந்தால் புகையின் ஈரம் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். எழுப்பினால் நெடுந்தூரம் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் உறங்க விட வேண்டும். தியானத்தில் உட்கார்ந்துகொண்டு நடுநடுவே போனைத் தொடுகிற நமக்கும் சேர்த்துச் சொன்னதாகவே அதை எடுத்துக்கொண்டேன். அரைகுறை மௌனம் மௌனமும் ஆகாது, பேச்சும் ஆகாது.

நம் மரபு இதை எவ்வளவு ஆழமாக அறிந்திருக்கிறது! காஞ்சி வரதராஜர் கோயில் குளத்துக்குள் அத்திமரத்தாலான வரதர் 40 ஆண்டுகள் நீருக்கடியில் பள்ளிகொள்கிறார். 2019 ஜூலை 1-இல் தரிசனம் தொடங்கி, ஆகஸ்ட் 17-இல் மீண்டும் அந்த அனந்தசரஸ் குளத்தில் எழுந்தருளப்பண்ணினார்கள். தைலக்காப்பு சாற்றி, முறைப்படி பூஜை செய்தே உள்ளே வைத்தார்கள். மரமும் நீரும் பகை என்பார்கள். பக்குவமாக வைத்த மரம் 1979-இலும் வந்தது, 2019-இலும் வந்தது. அன்று தரிசித்தவர்கள் கண்டது உருவத்தை மட்டுமா? உறக்கத்தைக் காக்கத் தெரிந்த பல தலைமுறைக் கைகளையும்தான்.

எங்கள் ஊர் அப்படி உறங்க வைக்கப்படவில்லை. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பம்புகள் இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தன. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பம்புகள் நின்ற பிறகு, வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர்கள் உளியால் திறந்த அறைகளில் தண்ணீர் ஏறியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு மறுநாள் காலை சைரன் இல்லை. சாஃப்டின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள் துருவேறி நிற்கின்றன. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஷெட்டில் அந்தப் பெரியவர் போர்வையின் நான்கு முனைகளையும் கட்டும்போது, தன் சுரங்கத்துக்குச் செய்ய வாய்க்காததை இந்த வண்டிக்குச் செய்கிறார் என்றே எனக்குப் பட்டது. அவரிடம் அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

வண்டிக்கான இந்தப் பக்குவம் மனிதருக்கும் வேண்டும். உங்கள் வீட்டில் வரும் பங்குனியில் பணி ஓய்வு பெறப்போகிற அப்பாவோ அண்ணனோ இருந்தால், கடைசி நாள் மாலையும் சால்வையும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இந்த மார்கழியிலேயே அவரோடு உட்காருங்கள். இத்தனை ஆண்டுகளில் அவருக்குள் சேர்ந்ததை ஒவ்வொன்றாக அவர் இறக்கிவைக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.