யாயிரின் மகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



செபக்கூடத் தலைவரான யாயிர், ஊரார் பார்த்து நிற்க, யேசுவின் பாதத்தில் விழுந்த காட்சியை மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். அவருடைய மகள் சாகக் கிடந்தாள். அவளுக்கு வயது 12. நம் ஊர்க் கணக்கில் ஏழாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை. அந்தத் தந்தை தம் பதவியையும் மதிப்பையும் பார்க்கவில்லை. பிள்ளைக்குச் சுகமில்லை என்று கண்டவுடன், உதவி எங்கே உண்டோ அங்கே ஓடினார்.

யேசு அவ்வீட்டுக்கு வந்தார். அங்கே கூடியிருந்தோரை வெளியே அனுப்பினார். பெற்றோரையும் தம் சீடர் மூவரையும் மட்டும் உள்ளே அழைத்துச் சென்றார். பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பினார். பின்னர் அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொன்னார். கிருமிகளைப் பற்றிய பாடமாக இதை மாற்கு எழுதவில்லை என்பது உண்மையே. ஆயினும் நோயுற்ற பிள்ளையின் அறை எப்படி இருக்க வேண்டும் என்பதை இதைவிட அழகாக யார் சொல்ல முடியும்? கூட்டம் இல்லை, தாயும் தந்தையும் அருகில், ஆண்டவரின் கை, வாய்க்கு உணவு.

இனி, நம் வீடுகளைப் பார்ப்போம். காலை ஆறு மணி. பிள்ளையின் நெற்றி சுடுகின்றது, இருமலும் இருக்கின்றது. தாய் ஒரு பனடோலைக் கொடுத்து, சீருடையை அணிவித்துப் பாடசாலைக்கு அனுப்புகின்றாள். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகின்றது என்பது ஒரு காரணம். வரவு குறையக் கூடாது என்பது இன்னொன்று. மாலையில் ரியூசனையும் தவறவிடக் கூடாது. மருந்தின் பலத்தால் பத்து மணி வரை காய்ச்சல் தணிந்திருக்கும். ஆனால் மருந்து காய்ச்சலைத் தணிக்குமேயன்றி, இருமலோடு வெளியேறும் கிருமியைத் தடுப்பதில்லை. ஒரே வாங்கில் நெருங்கியிருக்கும் பிள்ளைகள், ஒரே போத்தலில் தண்ணீர் குடிக்கும் தோழர்கள், அவர்கள் மாலையில் திரும்பும் வீடுகள், அவ்வீடுகளில் படுக்கையில் இருக்கும் அம்மம்மாக்கள், அப்பப்பாக்கள்: இத்தனை பேரையும் அந்தத் தாய் நினைத்துப் பார்ப்பதில்லை. அவள் கெட்டவள் அல்லள். தன் பிள்ளையை மட்டும் நினைத்தாள், அவ்வளவுதான். நம்மிற் பலரும் அவ்வாறே செய்திருக்கின்றோம்.

கொறோனாக் காலத்தை அதற்குள் மறந்துவிட்டோமா? 2020 மார்ச் நடுப்பகுதியில் நம் நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறன்று கோயில்களில் மக்கள் இல்லை. வீட்டிலிருந்தே பூசை கண்டோம். திறப்பதும் மூடுவதுமாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிள்ளைகளின் படிப்புச் சிதறியது. தொலைபேசி வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளை எழுத்துக்களையே மறந்தது. அந்நோய் பெரும்பாலான சிறுவரை இலேசாகத் தொட்டுச் சென்றது. ஆனால் அவர்கள் வழியாக வீட்டு முதியோரிடம் சென்றபோது கொடியதாயிற்று. இலங்கையில் 16,000க்கும் மேற்பட்டோர் அதனால் இறந்தனர். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி அந்த அவசர நிலை நீங்கியதாக அறிவித்தது. அவசர நிலை நீங்கியது; அயலான் மேல் நமக்குள்ள கடமை நீங்கவில்லை.

ஐந்தாம் கற்பனை கத்தி எடுப்பவனுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். உயிரும் சுகமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடைகள். நம்முடையதை மட்டுமன்றிப் பிறருடையதையும் கருதி அவற்றைப் பேண வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. தொற்றும் நோய் என்று தெரிந்துகொண்டே பிள்ளையை நாற்பது பிள்ளைகள் நடுவில் அனுப்புவது வெறும் கவலையீனம் அன்று. மனச்சாட்சியைச் சோதிக்கும்போது அதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். சுகமில்லாத பிள்ளைக்கும், அதைப் பராமரிக்க வீட்டில் நிற்பவருக்கும் ஞாயிறு பூசைக் கடன் இல்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கோயிலுக்கே வரத் தேவையில்லாத பிள்ளையைப் பாடசாலைக்கு ஏன் அனுப்ப வேண்டும்?

அப்படியானால் நோயாளரை விட்டு விலகி ஓடுவதா? இல்லை. நம் நாட்டின் அப்போஸ்தலரான புனித யோசேவ் வாஸ் அடிகளாரைப் பாருங்கள். 1687இல் கூலியாளைப் போல் வேடமிட்டு யாழ்ப்பாணம் வந்து, நோயுற்று, பிறர் இரக்கத்தால் பிழைத்தவர் அவர். 1697இல் கண்டியிற் பெரியம்மை பரவியபோது, மக்கள் பலர் தம் வீட்டு நோயாளரையே கைவிட்டு ஓடினார்கள். அடிகளாரோ தம் மருமகனான குருவானவர் யோசேவ் கர்வாலியோவுடன் அந்நோயாளரைத் தேடிச் சென்றார். உணவு கொடுத்தார், புண்களைக் கழுவினார், இறந்தோரைப் புதைத்தார். கிறிஸ்தவரா, பௌத்தரா என்று அவர் கேட்கவில்லை. 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1576இல், மிலான் நகரைக் கொள்ளைநோய் பிடித்தது. அந்நகர்ப் பேராயர் புனித சாள்ஸ் பொறோமெயு நோயாளரைத் தாமே சந்தித்தார். ஆனால் மக்களைக் கோயில்களில் கூட்டி நெருக்கவில்லை. சந்திகளிலே பலிபீடம் அமைத்து, வீட்டில் அடைபட்டோர் யன்னலில் நின்று பூசை காணச் செய்தார். பராமரிக்க வேண்டியவர் அருகிற் சென்றார். கூட வேண்டாதவர்கள் விலகி நின்றார்கள். இரண்டும் ஒரே அன்பிலிருந்து வந்தவை.

ஆகவே, அன்பான பெற்றோரே, வீட்டில் நாம் செய்யக் கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. காய்ச்சல், வாந்தி, உடலில் கொப்புளம் கண்டால் பிள்ளையை நிறுத்தி, வைத்தியரிடம் காட்டுங்கள். வகுப்பாசிரியருக்கு மறைக்காமல் அறிவியுங்கள். கொப்பளிப்பான் கண்ட பிள்ளை கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீட்டில் இருக்கட்டும். அந்நோய் கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே தொற்றத் தொடங்குவதால், அறிவிப்பதற்குத் தாமதிக்கக் கூடாது. இருமும்போது கைலேஞ்சியால் அல்லது முழங்கை மடிப்பால் வாயை மூடவும், உண்ணுமுன் சவர்க்காரமிட்டு 20 விநாடியாவது கைகழுவவும் பழக்குங்கள். சவர்க்காரம் பல கிருமிகளின் கொழுப்புறையை உடைத்துவிடும். வெறும் தண்ணீருக்கு அந்த வல்லமை இல்லை. படிக்கும் அறையின் யன்னல்களைத் திறந்து வையுங்கள். 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படும் சின்னமுத்துத் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். 2019இல் நம் நாட்டிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட அந்நோய், 2023இல் மீண்டும் தலைகாட்டியது.

கூலிவேலை செய்யும் தாயின் நிலை வேறு. பிள்ளையோடு வீட்டில் நின்றால் அன்றைய சோறு இல்லை. அவளுக்குப் புத்தி சொல்வது இலகு. அயல்வீட்டார் ஒரு நேரக் கஞ்சியைக் கொண்டுபோய் வாசலில் வைப்பதும், தவறிய பாடத்தை ஒரு தோழி கொப்பியில் எழுதிக் கொடுப்பதும், பங்குச் சபையினர் அக்குடும்பத்தை விசாரிப்பதுமே அவளுக்குத் தேவை. பிள்ளைக்கு உண்ணக் கொடுங்கள் என்று ஆண்டவர் அன்று அவ்வீட்டாருக்குச் சொன்னது இன்று நமக்கும் உரியது.

இன்னுமொன்று. 2020இல் நம் ஊர்ப் படலைகளில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, சில வீடுகளைக் குற்றவாளிகளின் வீடுகளைப் போலப் பார்த்தோம். சுகமாகித் திரும்பிய பிள்ளையின் அருகில் இருக்க வேண்டாம் என்று நம் பிள்ளைக்குச் சொன்னோம். நோய் பாவமல்ல, நோயாளியை வெட்கப்படுத்துவதே பாவம். வெட்கத்துக்கு அஞ்சியே பலர் நோயை மறைக்கின்றார்கள். மறைப்பதாலேயே அது பரவுகின்றது. எழுந்து வந்த பிள்ளையைத் தம் பக்கத்தில் இருத்திக்கொள்ளும்படி நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.

இன்றிரவு குடும்ப செபமாலையின் போது, நம் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி மன்றாடுவோம். கூடவே அவர்களோடு ஒரே வாங்கில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களையும் அவர்களிடமே கேட்டுச் சொல்லுவோம். யார் யாருக்காக மன்றாடினோமோ, அவர்களுக்குத் தீங்கு வராதபடி நாளைக் காலையில் நடந்துகொள்ள அதுவே நமக்கு ஞாபகமூட்டும். யாயிரின் மகளைக் கைப்பிடித்து எழுப்பிய ஆண்டவர் நம் பிள்ளைகள் யாவரையும் காத்தருள்வாராக. ஆமென்.