படச்சுருளுக்குப் பாவம் உண்டா?

2020 ஜனவரி. பெர்லின் திரைப்பட விழா எழுபதாவது விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ‘டீ ட்சைட்’ வார இதழ் பழைய கோப்புகளைத் தூசு தட்டியது. 1951-ல் விழா பிறந்ததிலிருந்து 1976 வரை அதை நடத்தியவர் ஆல்ஃபிரட் பாவர். நாஜிகள் திரைத்துறையை ஆட்டிவைத்த அலுவலகத்தில், அவரே சொல்லிக்கொண்டதைவிடப் பெரிய பொறுப்பில் அவர் இருந்திருக்கிறார் என்றது இதழ். அப்போது அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அவர் பெயரிலான விருது மட்டும் வழங்கப்பட்டுவந்தது. விழாக் குழு உடனே அதை நிறுத்திவைத்தது.

2017-ல் அந்த விருதைப் பெற்றவர் போலந்து இயக்குநர் அக்னியெஷ்கா ஹாலண்ட். அவருடைய தந்தை வழி உறவினர்கள் யூத இனப்படுகொலையில் மாண்டவர்கள். யார் பெயர் பொறித்த விருது அவர் கைக்குப் போனது என்று நினைத்தாலே சங்கடமாக இருக்கிறது. இதில் குற்றவாளி யார்? கொடுத்தவர்களுக்குத் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

இதுபோன்ற முடிச்சை முன்பே அவிழ்க்கப் பார்த்தவர் தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ். மனைவி யூதர் என்பதால் 1937-ல் பேராசிரியர் பதவியை இழந்தவர். போர் முடிந்த கையோடு ஹைடல்பெர்க்கில் அவர் ஆற்றிய உரைகள் 1946-ல் நூலாயின. குற்றத்தை அவர் நான்காகப் பிரித்தார். சட்டக் குற்றத்தை நீதிமன்றம் விசாரிக்கும். அரசியல் குற்றத்துக்கு நாட்டின் குடிமக்கள் எல்லோரும் பொறுப்பு. ஆனால் அதற்காக எல்லோரும் குற்றவாளிகள் ஆகிவிட மாட்டார்கள். ஒழுக்கக் குற்றத்துக்கு அவரவர் மனசாட்சியே நீதிபதி. நான்காவதுதான் உறங்க விடாதது: பக்கத்தில் ஒருவர் கொல்லப்பட, நாம் உயிரோடு இருக்கிறோமே, அது. அதை விசாரிக்கக் கடவுள் ஒருவருக்கே அதிகாரம் என்றார்.

சினிமாவை இதில் எந்தப் பட்டியலில் வைப்பது? ஃபைட் ஹார்லான் இயக்கிய யூத வெறுப்புப் படமான ‘யூதன் சூஸ்’ 1940-ல் வெளியானது. இறுதிக் காட்சியில் சூஸை இரும்புக் கூண்டில் அடைத்துத் தூக்குமரத்தின் உச்சிக்கு ஏற்றுகிறார்கள். அவன் கெஞ்சிக் கதறுகிறான், பனி கொட்டுகிறது, கீழே கூட்டம் அசையாமல் நிற்கிறது. கைதேர்ந்த ஒருவரின் காட்சியமைப்பு. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. எஸ்.எஸ். படையினரும் காவலர்களும் இதைப் பார்த்தாக வேண்டும் என்று ஹிம்லர் உத்தரவிட்டார். போருக்குப் பின் ஹார்லான் மீது மனிதகுலத்துக்கு எதிரான குற்ற வழக்கு நடந்தது. 1949-லும் 1950-லும் அவர் விடுதலையானார்.

இன்று அந்தப் படத்தின் உரிமை வீஸ்பாடனில் உள்ள முர்னாவ் அறக்கட்டளையிடம் இருக்கிறது. அதையும் அதுபோன்ற சுமார் நாற்பது நாஜிக்காலப் படங்களையும் நிபந்தனையோடுதான் திரையிட விடுகிறார்கள்: முன்னால் ஒரு நிபுணர் பேச வேண்டும், முடிந்த பின் விவாதம் நடக்க வேண்டும். பூட்டி வைப்பதைவிட இது நல்ல வழிதான். ஆனாலும் அந்த அறிமுக உரை, புண்ணியாகவாசனத் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழிப்பதுபோல் ஆகிவிடும் ஆபத்து உண்டு. உரையைக் கேட்டாயிற்று, இனி நாம் சுத்தம் என்ற நினைப்பில் பார்வையாளர் சாய்ந்து உட்கார்ந்துவிடலாம்.

ஹாம்பர்க் நகர அரசின் செய்தித் துறைத் தலைவர் எரிஷ் லூட் அப்படி உட்கார மறுத்தவர். 1950 செப்டம்பரில் ஹாம்பர்க்கில் ஜெர்மன் திரைப்பட வாரம் தொடங்கியபோது, அந்தக் கொண்டாட்ட மேடையிலேயே ஹார்லானின் மறுவருகையை அவர் கண்டித்தார். பின்னர் ஹார்லானின் புதுப் படத்தைப் புறக்கணிக்கவும் அழைத்தார். அதுவோ வெறுப்பு எதுவும் இல்லாத வெறும் காதல் கதை. லூட் பேசியது படத்தைப் பற்றியல்ல, அதை எடுத்த கையைப் பற்றி. அரசு தடை போட வேண்டும் என்றும் அவர் கேட்கவில்லை. விநியோகஸ்தர்களும் திரையரங்குக்காரர்களும் ரசிகர்களும் தாங்களே அதை ஒதுக்கட்டும் என்பதே அவர் அழைப்பு. படத்தின் நிறுவனங்கள் வழக்குப் போட்டு அவர் வாயை அடைத்தன. அவருக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1958 ஜனவரி ஆகிவிட்டது. அதற்குள் ஹார்லான் இன்னும் பல படங்களை எடுத்து முடித்திருந்தார்.