கை கழுவினால் தீருமா?



பேய்க்கதைகளால் பேர்பெற்ற அமெரிக்க ஆசிரியர் ஸ்டீபன் கிங் 1996-ம் ஆண்டில் "தி கிரீன் மைல்" என்னும் சிறைச்சாலை நாவலை மாதம் ஒன்றாக ஆறு சிறு புத்தகங்களில் வெளியிட்டார். அதில் நம்மை நடுங்க வைப்பது பேயன்று. நல்ல மனிதர் செய்யும் ஒரு காரியம்.

கதை 1932-ல் நடக்கிறது. இரண்டு சிறுமியரைக் கொன்றதாகத் தீர்ப்புப் பெற்ற ஜான் காஃபி என்னும் கறுப்பு மனிதன் மின்சார நாற்காலிக்குக் காத்திருக்கிறான். பிறர் நோயைத் தொட்டுக் குணமாக்கும் வரம் பெற்றவன் அவன். காவலர் தலைவன் பால் எட்ஜ்கோம் இரக்கமுள்ளவன். கைதிகளை மரியாதையாய் நடத்துகிறவன். காஃபி நிரபராதி என்பதை அவன் நிச்சயமாய் அறிந்துகொள்கிறான். ஆயினும் மன்றம் ஒப்புக்கொள்ளும் சாட்சியம் அவனிடம் இல்லை. குறித்த நாளில் தன் கடமையை நிறைவேற்றிவிடுகிறான்.

அவன் வேறென்ன செய்யக்கூடும் என்பீர்கள். அவன் விலகினால் இன்னொருவன் நிறைவேற்றுவான். காஃபியோ உலகின் வேதனையால் களைத்து, போகவே விரும்புகிறான். இவை இலேசான நியாயங்கள் அல்ல. ஆனாலும் கடவுள் கணக்குக் கேட்டால், அது என் உத்தியோகம் என்றா சொல்வது என்று காவலரில் ஒருவனே கலங்குகிறான். அந்த மரணத்துக்குப்பின் பால் மாற்றல் பெற்று வேறிடம் போய்விடுகிறான். அவன் மனச்சாட்சி மறுத்தது. ஒரு உயிர் போனபின் மறுத்தது.

இது வெறுங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1944-ல் தென் கரோலினாவில் ஜார்ஜ் ஸ்டின்னி என்னும் 14 வயதுக் கறுப்புச் சிறுவன், இரண்டு வெள்ளைச் சிறுமியரைக் கொன்றதாக மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டான். வெள்ளையரே நிறைந்த ஜூரி சுமார் பத்தே நிமிடத்தில் முடிவு சொன்னது. விசாரணை நியாயமாய் நடக்கவில்லையென்று 2014-ல் ஒரு நீதிபதி அத்தீர்ப்பை ரத்துசெய்தார். அதற்குள் 70 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஜூரி, நீதிபதி, ஆளுநர், காவலர் என்று அன்று பல கைகள் சேர்ந்தன. பாவம் பலர் கையில் பங்கிடப்பட்டால் எவர் கையிலும் அது கனப்பதில்லை. பிலாத்துவும் தண்ணீர் கேட்டவன்தானே!

நம் கையில் மின்சார நாற்காலி இல்லை. ஆனால் கடையில் பணம் குறைந்ததும் ஏழைப் பையன்மேல் பழி விழுகிறது. அவன் எடுக்கவில்லையென்று அறிந்த கணக்குப்பிள்ளை, "முதலாளி உத்தரவு, நானென்ன செய்ய?" என்று அன்பாய்ச் சொல்லி, வழிச்செலவுக்கும் ஏதோ கொடுத்து அனுப்பிவிடுகிறார். அந்த அன்பு உண்மையானதே. ஆனால் பையனுக்கு வேண்டியிருந்தது பணமல்ல, முதலாளியிடம் ஒரு வார்த்தை. அந்த வார்த்தையால் அவன் வேலை தப்பியிராமற் போகலாம். எனினும் தனக்காகப் பேச ஒருவர் இருந்தார் என்று அறிந்தாவது அவன் வீடு திரும்பியிருப்பான்.

இப்படி ஒரு பையன் உங்கள் முன் நிற்கும் நாளில், அவன் படியிறங்கும் முன்பே பேசிவிடுங்கள்.