கிருபைக்குப் பேட்ஜ் உண்டா?

அமெரிக்கன் ஹெரிட்டேஜ் கேர்ள்ஸ் என்பது 1995-இல் ஒஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டியை அடுத்த வெஸ்ட் செஸ்டரில் தொடங்கப்பட்ட கிறிஸ்தவச் சாரணியர் இயக்கம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அமெரிக்க கேர்ள் ஸ்கவுட்ஸ் அமைப்பு ஒரு முடிவெடுத்திருந்தது. உறுதிமொழியில் வரும் 'கடவுள்' என்ற சொல்லுக்குப் பதிலாக, அவரவர் நம்பிக்கைக்கு ஏற்ற வேறு சொல்லைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அந்த முடிவு. அதை ஏற்க மனமில்லாத பெற்றோர் சிலர் தனியே ஓர் இயக்கம் கண்டார்கள். கடவுளை உறுதிமொழியில் மீண்டும் உட்கார வைத்தவர்கள், பேட்ஜ் முறையை மட்டும் பழைய வீட்டிலிருந்து அப்படியே எடுத்து வந்தார்கள். மீட்பு உழைத்துச் சம்பாதிப்பது அன்று, கிருபையாக வருவது என்று போதிக்கும் தேவாலயத்தின் கூடத்திலேயே சிறுமிகள் உழைத்துச் சின்னங்கள் சேர்க்கிறார்கள். இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் எப்படி ஒத்துப்போகின்றன என்பது சின்னக் கேள்வி இல்லை.

பேட்ஜ் கிடைக்கும் வழி எளியது. கலை, குடும்ப வாழ்வு, நாட்டுப் பாரம்பரியம், வெளிப்புறத் திறன், உடல்நலம், அறிவியல் எனத் துறை துறையாகப் பிரித்துக் கையேட்டில் ஒவ்வொரு பேட்ஜுக்கும் செய்ய வேண்டியவை அச்சிடப்பட்டிருக்கும். சில கட்டாயம், சிலவற்றைப் பட்டியலிலிருந்து தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். வயதுக்கேற்ப வேலையின் கனமும் கூடும். முதலுதவியையே எடுத்துக்கொண்டால், இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் காயத்தைக் கழுவிக் கட்டுவதை எதிர்பார்க்கலாம். பத்தாம் வகுப்பு மாணவியிடம், முறிந்த கையை அசையாமல் கட்டி, ஆம்புலன்ஸ் வரும்வரை பதறாமல் இருப்பதை எதிர்பார்க்கலாம். செய்து காட்டியதும் குழுத் தலைவி கையெழுத்திடுவார். சில மாதங்களுக்கு ஒருமுறை நடக்கும் விருது வழங்கும் கூட்டத்தில், பெற்றோர் பார்க்க, உள்ளங்கை அளவுகூட இல்லாத துணிச் சின்னம் கைக்கு வரும். அதைச் சீருடையின் கையில்லா மேற்சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும். தைப்பது பெரும்பாலும் அம்மாதான், தையல் பேட்ஜாகவே இருந்தாலும்.

இந்த அளவில் இறையியல் சிக்கல் எதுவும் இல்லை. முடிச்சுப் போடத் தெரியும், கூடாரம் அடிக்கத் தெரியும் என்று சொல்லும் சின்னம் ஒரு சான்றிதழ். அது திறமையைச் சொல்கிறதே தவிர, அணிந்தவள் நல்லவள் என்று சொல்லவில்லை. சாரணர் இயக்கத்தின் தந்தை பேடன் பவல் இன்னும் ஒரு படி போய், பேட்ஜுக்கு அளவுகோல் தரம் அன்று, பிள்ளை எடுத்துக்கொண்ட முயற்சியே என்றார். கைத்திறன் குறைந்த பிள்ளையும் முட்டி மோதிப் பெறக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

சிக்கல் சேவையில் தொடங்குகிறது. பிறருக்குச் செய்த தொண்டை மணிக்கணக்கில் எழுதி வைத்து, வயதுக்கு உரிய எண்ணிக்கை நிரம்பியதும் சேவை நட்சத்திரம் பெறும் முறை இந்த இயக்கத்தில் உண்டு. முதியோர் இல்லத்தில் சனிக்கிழமை இரண்டு மணி நேரம், உணவு வங்கியில் பெட்டி அடுக்கியது மூன்று மணி நேரம் என்று தாள் நிரம்பும். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் இதற்கு நேர் எதிரே நிற்பதுபோல் தெரியும். தருமம் செய்கிறவன் தாரை ஊதிக்கொண்டு செய்ய வேண்டாம், ஒரு கை கொடுப்பது மறு கைக்குத் தெரிய வேண்டாம் என்கிறது மலைப்பிரசங்கம். இடக்கைக்கே தெரியக் கூடாததை மேற்சட்டையில் தைத்து ஊருக்குக் காட்டலாமா?

ஆனால் அதே பிரசங்கம், ஒரே ஒரு அதிகாரத்துக்கு முன்னால், விளக்கை மரக்காலின் கீழ் வைக்காதீர்கள், உங்கள் நற்செயல்களை மனிதர் காணட்டும் என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், தடை காட்சியின் மேல் அன்று, நோக்கத்தின் மேல் என்பது விளங்கும். பார்ப்பவர் கடவுளைப் புகழ்ந்தால் அது விளக்கு. செய்தவளைப் புகழ்ந்தால் அது தாரை. இந்த வேறுபாட்டைத் துணிச் சின்னத்தால் காட்ட முடியாது என்பதே முறையின் பலவீனம். எந்த மனத்தோடு பெட்டி அடுக்கினாள் என்று கேட்கும் கட்டம் நேரத் தாளில் இருக்க முடியாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: மத்தேயு கூலியே கிடையாது என்று சொல்லவில்லை. அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா பலன் தருவார் என்கிறார். கூலி ஒழியவில்லை, கொடுப்பவர் மாறுகிறார், கொடுக்கும் நேரமும் தள்ளிப்போகிறது.

இயக்கத்தின் வயதுப் படிகளுக்குரிய விருதுகளில் ஒன்றுக்கு ஹேரியட் டப்மனின் பெயர் வைத்திருக்கிறார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பிய அந்தக் கறுப்பினப் பெண், திரும்பத் திரும்ப மேரிலாந்துக்குள் நுழைந்து ஏறத்தாழ 70 பேரை வடக்கே அழைத்துப் போனார். ஒவ்வொரு பயணமும் இருட்டில், ஒளிந்து, யாருக்கும் தெரியாமல் நடந்தது; தெரிந்திருந்தால் உயிர் போயிருக்கும். வலக்கை செய்தது இடக்கைக்குத் தெரியாமல் செய்ததற்கு அமெரிக்க வரலாற்றில் இவரைவிடப் பொருத்தமான ஆளைத் தேடிப் பிடிப்பது கடினம். அவர் பெயரில் மேடையேற்றிக் கைதட்டும் விருது என்பது, பெயர் வைத்தவர்கள் எண்ணிப் பார்த்தார்களோ இல்லையோ, ஒரு நல்ல முரண்.

சமய விருதுகளில் முரண் இன்னும் கூர்மை. அமெரிக்காவின் இளையோர் அமைப்புகள் பலவற்றுக்கும் பொதுவாகப் 'ப்ரே' என்னும் நிறுவனம் பாடத்திட்டமும் பதக்கமும் தருகிறது. புராட்டஸ்டன்ட் பிள்ளைகளுக்கான வரிசையில் நான்கு படிகள்: 'காட் அண்ட் மீ', 'காட் அண்ட் ஃபேமிலி', 'காட் அண்ட் சர்ச்', 'காட் அண்ட் லைஃப்'. கடைசிப் படி 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு. பாடப்பொருள் அப்போஸ்தலர் பவுலின் வாழ்க்கை. கிரியைகளால் யாரும் நீதிமான் ஆவதில்லை என்று ஆசியா மைனரிலிருந்து ரோமாபுரி வரை வாதாடிய மனிதரைப் படித்து முடித்ததற்குப் பதக்கம்.

பவுலே இதற்குச் சிரித்திருக்கலாம். பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் தம் பட்டங்களை வரிசையாக அடுக்குகிறார்: எட்டாம் நாள் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயன், நியாயப்பிரமாணத்தில் குற்றமற்றவன். நெஞ்சு நிறையப் பேட்ஜ். அடுத்த மூச்சில் அத்தனையையும் குப்பை என்று தள்ளுகிறார். தள்ளியவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. அதே அதிகாரத்தில் பந்தயப்பொருளை நோக்கி ஓடுவதாகவும் எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது வெற்றி மாலையையே உவமையாக எடுத்துக்கொண்டார். கொரிந்துப் பட்டணத்தை அடுத்து நடந்த இஸ்த்மியப் போட்டிகளில் பைன் இலையாலோ செலரித் தழையாலோ கட்டிய மாலைதான் பரிசு. சில நாளில் வாடிவிடும். வாடும் மாலைக்கே அவ்வளவு பயிற்சி என்றால் என்று தொடங்குகிறது அவர் வாதம். பரிசு ஆசையை அவர் கெட்டதென்று ஒதுக்கவில்லை, அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்.

பேட்ஜை ஆதரிப்பவர்களுக்கு இன்னொரு பழைய துணை அகஸ்டின். மனிதனின் தகுதிகளுக்குக் கடவுள் முடி சூட்டும்போது, தாம் தந்த கொடைகளுக்கே முடி சூட்டுகிறார் என்பது அவர் கருத்து. 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கமும் ஏறத்தாழ இதையே சொன்னது. அமெரிக்கன் ஹெரிட்டேஜ் கேர்ள்ஸ் குழுக்களைக் கத்தோலிக்கப் பங்குகளும் நடத்துகின்றன, புராட்டஸ்டன்ட் சபைகளும் நடத்துகின்றன. தகுதி, புண்ணியப் பலன் என்ற சொற்களுக்காக 16-ஆம் நூற்றாண்டில் பிரிந்த இரு தரப்பின் பேத்திகளும் ஒரே கையேட்டைப் பார்த்து ஒரே பேட்ஜைத் தைத்துக்கொள்கிறார்கள். சண்டை தீரவில்லை, கூடத்தின் வாசலில் செருப்போடு விடப்பட்டிருக்கிறது.

இறையியலைவிட இயற்கையான ஆட்சேபம் ஒன்றுண்டு: பரிசு காட்டினால் பிள்ளை பரிசையே பார்க்கும். மார்க் ட்வைன் 1876-இல் வெளியிட்ட டாம் சாயர் கதையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வசனத்துக்கு ஒரு நீலச் சீட்டு; பத்து நீலத்துக்கு ஒரு சிவப்பு, பத்துச் சிவப்புக்கு ஒரு மஞ்சள், பத்து மஞ்சளுக்கு ஒரு பைபிள். ஆக மொத்தம் 2000 வசனம். டாம் அத்தனை வசனங்களை மனப்பாடம் செய்யாமலே, தூண்டிலும் கோலிக்குண்டும் கொடுத்துச் சீட்டுகளை வாங்கி, பைபிளைப் பரிசாகத் தட்டிக்கொண்டு போகிறான். முதல் இரண்டு சீடர்கள் யார் என்று கேட்டால் தாவீதும் கோலியாத்தும் என்கிறான். வசனம் ஒப்பித்து டிபன் பாக்ஸ் வாங்கிய தமிழ்நாட்டு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் இதையே சோதித்தார்கள். படம் வரையப் பிடிக்கும் பிள்ளைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு வரைந்து முடித்தபின் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது, முன்பே வாக்குப் பெற்ற பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறையப் பாதிதான். எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. சொல்லாமல் வந்த அந்தச் சான்றிதழ், கூலியைவிடக் கிருபைக்கு நெருக்கமானது. கையேட்டில் நிபந்தனைகளை முன்கூட்டியே அச்சிடும் எந்தப் பேட்ஜ் முறையும் முதல் பிரிவின் பக்கம்தான் நிற்கிறது.

இயக்கத்தின் உச்ச விருதான 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' இந்த ஆட்சேபத்துக்கு ஓரளவு ஈடு கொடுக்கிறது. குறைந்தது 100 மணி நேரம் எடுக்கும் ஒரு சேவைத் திட்டத்தை அந்தப் பெண்ணே யோசித்து, ஆள் சேர்த்து, நடத்தி முடிக்க வேண்டும். பின் பெரியவர்கள் குழு ஒன்றின் முன் அமர்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நூறு மணி நேரத்தைச் சின்னத்துக்காகத் தொடங்குகிறவள்கூட, பாதி வழியில் வேலையில் மூழ்கிவிட வாய்ப்புண்டு: தச்சுப் பலகை வந்து சேரவில்லை, வருவதாகச் சொன்ன நான்கு பேரில் இருவர் வரவில்லை, மழை. பேட்ஜை நினைக்க அப்போது நேரம் ஏது? அரிஸ்டாட்டில் சொல்லும் பழக்கம் என்பது இதுதான். வெளிக் காரணத்துக்காகத் தொடங்கிய செயல், செய்யச் செய்யச் செய்பவளின் இயல்பாகிவிடுகிறது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

வயது 18 ஆனதும் பேட்ஜுகள் நின்றுவிடும். மேற்சட்டை மடித்துப் பெட்டிக்குள் போகும். அதன்பின் ஒரு சனிக்கிழமை அவள் அதே முதியோர் இல்லத்துக்குப் போனால், வாசலில் கையெழுத்திட நேரத் தாள் இருக்காது.