வண்டி யாருடையது?



வெள்ளிக்கிழமை மாலை மகன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மட்டைப் பெட்டியை இரு கையாலும் ஏந்திக்கொண்டு வருகிறான். பெட்டியின் கீழே மரக்குச்சிகள் அச்சாகவும், போத்தல் மூடிகள் சில்லுகளாகவும் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒரு சில்லு சரிந்து நிற்கிறது. "அப்பா, திங்கட்கிழமை இதை எல்லாருக்கும் முன்பாக ஓட்டிக் காட்டவேண்டும்" என்கிறான். தகப்பனார் பார்த்துச் சிரிக்கிறார். இரவில் மகன் உறங்கியபின் பழைய சில்லுகளைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றைப் பூட்டி, வர்ணமும் பூசி வைத்துவிடுகிறார். திங்கட்கிழமை வண்டி அழகாய் ஓடுகிறது. வகுப்பெல்லாம் கைதட்டுகிறது. மகனுடைய முகத்தில் மாத்திரம் மகிழ்ச்சியைக் காணோம்.

இது யார் வீட்டில் நடந்தது என்று கேட்கவேண்டாம்; நம்மில் பலருடைய வீடுகளில் நடப்பதுதான். அந்தத் தகப்பனார் செய்தது நன்மையா, தீமையா? சிறு காரியந்தானே என்று தள்ளிவிடாமல் சற்று யோசிப்போம்.

இங்கிலாந்தில் குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகளிற் பலர் கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலைகளிலே படிக்கிறார்கள். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் 1990ம் ஆண்டு முதல் இந்நாட்டின் தேசிய பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. 2014ம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி, பிள்ளை ஒரு பொருளை முதலில் மனதிலும் தாளிலும் திட்டமிடவேண்டும், பிறகு செய்யவேண்டும், செய்தபின் அதன் குறை நிறைகளைத் தானே சோதித்துச் சொல்லவேண்டும். சிறியவர்கள் நெம்புகோல், சில்லு, அச்சு ஆகியவற்றையும், பெரியவர்கள் பற்சக்கரம், கப்பி, மின்சுற்று ஆகியவற்றையும் பழகுகிறார்கள். சமையலும் இப்பாடத்தில் ஒரு பகுதி. செய்யும் பொருள் ஒருவருக்குப் பயன்படவேண்டும் என்பது இதில் முக்கியமான நியதி. விரல் நோவுள்ள அம்மம்மாவுக்கு ஒரு பை தைக்கப்போகும் மகள், எந்தப் பிடி அம்மம்மாவின் கைக்கு நோகாது என்று முதலில் அவரிடம் போய்க் கேட்டறிய வேண்டும். பிறர் சிநேகத்துக்கு இதைவிட எளிய அரிச்சுவடி உண்டோ?

ஆனால், "கணக்கும் இங்கிலீசும் இருக்க, மட்டை வெட்டி ஒட்டுவதால் என்ன பயன்?" என்று கேட்கும் பெற்றார் நம்மிடையே உண்டு. வாய்விட்டுச் சொல்லாமல், "இது ஆசாரி வேலையன்றோ!" என்று மனதில் எண்ணுவோரும் உண்டு. கடல் கடந்து வந்தபோது ஊரில் எத்தனையோ பொருட்களை விட்டுவந்தோம். கையால் உழைப்பவனைத் தாழ்வாய்ப் பார்க்கும் குணத்தை மாத்திரம் பத்திரமாய்ப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டோம்.

நாசரேத்தூர் மக்கள் இடறி விழுந்ததும் இந்தக் கல்லிலேதான். ஜெபக்கூடத்தில் சேசுநாதர் போதித்ததைக் கேட்டு அதிசயித்தவர்களே, இவர் தச்சனல்லவா என்று சொல்லி அவரை ஏற்க மறுத்தார்கள் என அர்ச். மாற்கு எழுதுகிறார். யாத்திராகமத்திலோ, ஆசாரக் கூடாரத்தின் வேலைக்குச் சர்வேசுரன் பெசலெயேல் என்பவனைப் பேர்சொல்லி அழைத்து, பொன்னிலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்யும்படி தமது ஆவியால் அவனை நிரப்பினார் என்று வாசிக்கிறோம். அதோடு நிற்கவில்லை, மற்றவர்களுக்கு அத்தொழிலைக் கற்பிக்கும் வரத்தையும் அவனுக்குக் கொடுத்தார். கைவேலையைக் கற்றுக்கொடுப்பதும் தேவ வரமென்றால், அந்தப் பாடத்தை வீண்பொழுது என்று சொல்ல நமக்கு வாய் வருமோ?

1955ம் ஆண்டு பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மே மாதம் முதல் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். 1981ம் ஆண்டு பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், மனிதனுடைய வேலையைப்பற்றி எழுதிய சுற்றுமடலில் ஒரு பெரிய உண்மையை விளக்கினார். வேலையின் மதிப்பு, செய்யப்படும் பொருளைக்கொண்டு முதலில் அளக்கப்படுவதில்லை. அதைச் செய்கிறவன் ஒரு மனிதன் என்பதைக்கொண்டே அளக்கப்படுகிறது. மனிதனுக்காகவே வேலை, வேலைக்காக மனிதனல்ல.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு அந்த வண்டியிடம் திரும்புவோம். பள்ளிக்கூடத்துக்கு வண்டி தேவையில்லை. வாரக் கடைசியில் அது குப்பைக்குப் போகலாம். அங்கே உருவாகவேண்டியவன் பிள்ளை. தகப்பனார் வண்டியைத் திருத்தினார். பிள்ளை திருந்தும் வழியை அடைத்துவிட்டார். சில்லு ஏன் சரிந்தது? துவாரம் நடுவில் இல்லையா, அச்சு கோணலா? அதை அவனே தேடிக் கண்டிருந்தால் அந்த அறிவு சாகும்வரை அவனுடையதாயிருக்கும். இதைவிடப் பெரிய நஷ்டமும் ஒன்றுண்டு. தன்னுடையதல்லாத வேலைக்குத் தனக்குக் கிடைத்த கைதட்டலை அவன் மௌனமாய் ஏற்றுக்கொள்ளப் பழகினான். பொய் சொல்லாதே என்று எட்டாம் கற்பனையைப் படிப்பிக்கும் வீட்டிலேயே அந்தப் பாடமும் நடந்தது.

செய்ததைச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை இலேசாய் எண்ணவேண்டாம். "என் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, நான் அளக்காமல் வெட்டிவிட்டேன்" என்று ஏழு வயதில் கூசாமல் சொல்லக் கற்றவனுக்கு, பின்னாளில் ஆத்தும சோதனை செய்து பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிடுவது அவ்வளவு கடினமாயிராது.

"பிள்ளை மற்றவர்கள் முன் வெட்கப்படலாகாதே, அன்பினாலல்லவோ செய்தேன்" என்று அந்தத் தகப்பனார் சொல்வார். உண்மை, அன்பினாலேதான் செய்தார். ஆயினும் சர்வேசுரன் நம்மில் அன்புகூரும் விதம் வேறு. உலகிலுள்ள ஒவ்வொரு வேலையையும் நம்மைவிட ஆயிரம் மடங்கு நன்றாய்ச் செய்ய வல்லவர் அவர். அப்படியிருந்தும் நிலத்தையும் வீட்டையும் பிள்ளைகளையும், தமது திருச்சபையையுங்கூட நமது கோணல் கைகளில் ஒப்படைத்திருக்கிறார். நாம் உறங்கும் வேளையில் வந்து நமது வேலையை மாற்றிவைப்பதில்லை. நமது அருகில் இருந்து வரப்பிரசாதம் தருகிறார். அவருடைய சொந்தக் குமாரனும் இந்தச் சலுகையைத் தேடவில்லை. தச்சன் மகன் என்று மாத்திரமல்ல, தச்சன் என்றே ஊரார் அவரை அழைத்தார்கள். ஆகவே சூசையப்பர் உளியை அவர் கையிலே கொடுத்திருக்கிறார்.

அப்படியானால் பிள்ளைக்கு உதவியே செய்யலாகாதா? தாராளமாய்ச் செய்யலாம். கத்தியோ வாளோ பிடிக்கும்போது காயம்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது மறுமுனையைப் பிடித்துக்கொடுங்கள். "இது ஏன் சரிந்தது என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுமையாயிருங்கள். இரவு வேலைக்குப் போகும் தகப்பனாருக்கும் பத்து நிமிடம் கிடையாமற் போகாது. பிள்ளையின் கையோடு நமது கையும் சேர்ந்தால் அது உதவி. பிள்ளையின் கையை விலக்கிவிட்டு நமது கை புகுந்தால் அது அபகரிப்பு.

அடுத்த முறை பிள்ளை கோணல் வண்டியோடு வரும்போது, அது கோணலாகவே பள்ளிக்கூடம் போகட்டும். பாதி வழியில் நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று சொல்ல அவனுக்குத் தெரியும். மாலையில் வீடு வந்து, "அப்பா, வேறொரு பெட்டி இருக்கிறதா? திரும்பச் செய்யப்போகிறேன்" என்று கேட்பானாகில், அந்தக் கேள்வியைத் திங்கட்கிழமைக் கைதட்டலிலும் பெரிதாக மதியுங்கள். நாசரேத்தூர்த் தச்சுப் பட்டறையின் தலைவராகிய அர்ச். சூசையப்பர் நம் பிள்ளைகளின் கரங்களையும், அவற்றைப் பிடிக்கத் துடிக்கும் நமது கரங்களையும் காத்தருள்வாராக.